வீட்டுவேலை

மூன்றாம் பாடத்திலும் மின்ஹா மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். இடைவேளை மணி அடித்து வகுப்பு வெறுமையானதும் கணித ஆசிரியை தயாளினி அவளை எழுப்பினார்.

"இரவில நித்திரை கொள்றேல்லையா, பிள்ளை?"

"வீட்டுவேலை முடிய நடுச்சாமம் ஆகுது, டீச்சர்."

தயாளினிக்குச் சுருக்கென்றது. எல்லா ஆசிரியர்களும் போட்டி போட்டுக்கொண்டுதான் வீட்டுவேலை கொடுக்கிறார்கள். அதில் தன்னுடைய கணக்குகள்தான் அதிகம். ஒரு நாளும் செய்யாமல் வராதவள் மின்ஹா.

"பக்கத்தில இருந்து சொல்லித்தர வீட்டில ஆரும் இல்லையா?"

"வாப்பாக்குத் துறைமுகத்தில ராவேலை. நான் மட்டும்தான்."

"சரி, இனி உங்களுக்குப் பாதிக் கணக்குத்தான் தருவன். நேரத்தோட படுங்க."

மின்ஹாவின் முகம் வாடிப்போயிற்று.

"குறைக்க வேணாம், டீச்சர்."

"ஏன்? வீட்டுவேலை முடிய நடுச்சாமம் ஆகுதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அது என்ட வீட்டுவேலை இல்ல, டீச்சர். குவைத்தில உம்மா செய்யிற வீட்டுவேலை. அந்த வீட்டாக்கள் படுத்த பிறகுதான் உம்மா வீடியோ கோல் எடுப்பா. அதுக்குப் பிறகுதான் நான் கொப்பியைத் திறப்பன். நான் கணக்குச் செய்யிறதப் பார்த்துக்கொண்டே இருப்பா."

மின்ஹா தலை குனிந்துகொண்டாள்.

"கணக்கு முடிஞ்சா, 'சரி மகள், படுங்க' எண்டு ஃபோனை வச்சிருவா, டீச்சர்."