நசுங்காத பழம்

நகரியில் காங்கிரீட் கலவை மெஷினைப் பிக்கப்பின் கொக்கியில் பூட்டி, சங்கிலியும் போட்டு இழுத்துப் பார்த்தான் எத்திராஜ். மெஷின்காரர் கன்னையா எல்லா டயருக்கும் முன்னால் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழத்தை வைத்தார். வண்டியை நகர்த்திவிட்டு இறங்கிப் பார்த்தான். பிக்கப்பின் பழங்கள் நசுங்கிக் கிடந்தன. மெஷினுக்கு வைத்த இரண்டையும் காணோம்.

"மெஷின் பழத்தை எடுத்துக்கினியாண்ணா?"

"நான் எதுக்குடா எடுக்கப்போறேன்? லேட்டாய்க்கினு கீது, போ."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மெஷினில் ஏதோ கோளாறு, மனுஷன் மறைக்கிறார் என்று நினைத்தான் எத்திராஜ். கண்ணாடியில் ஒரு கண் வைத்தபடியே மெதுவாக ஓட்டினான். மெஷின் ஆடாமல் அசையாமல் பின்னால் வந்தது.

நாராயணவனத்தில் நிறுத்தி, மெஷின் உருளாமல் இருக்க டயருக்குக் கல் வைக்கக் குனிந்தான். இரண்டு டயருக்கும் முன்னால் தலா ஒரு எலுமிச்சம்பழம் முழுசாக இருந்தது. கன்னையா வைத்த குங்குமத்தில் ஈரம்கூடக் காயவில்லை.