வெளுக்காத பிடி

“மறுபடியும் வெளுத்துப் போச்சா!”

சோலைச்சாமி கடைசல் மெஷினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். ரேஸரின் மரப்பிடி அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. அவரே கடைந்த பூவரசுப் பிடி. திரும்பி வருவது இது மூன்றாவது முறை.

கொண்டுவந்த காளிராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வந்திருந்தான். பிடியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். பட்டறை மூலையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த சோலைச்சாமியின் மகள் முத்துப்பேச்சி தலையைத் தூக்கவில்லை.

பெட்டிக்கடைகளில் பிளாஸ்டிக் ரேஸர் சரம் சரமாகத் தொங்கிய தொண்ணூறுகள் அவை. அந்த நாளில் மரப்பிடிதான் வேண்டும் என்று ஒருவன் தேடி வந்ததில் சோலைச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டில் கால், பூரிக்கட்டை என்று எத்தனையோ கடைந்திருக்கிறார்; அவர் பாலிஷைக் குறை சொன்னவர் கிடையாது. இந்த ஒற்றைப் பிடி அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

நூல் கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். அதைப் போட்டால் மரத்தின் ரேகை மயிரிழை மயிரிழையாகத் தெரியும். ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் வெறும் புகைதான்.

“தம்பி, மொத தடவ அரக்குப் பாலிஷ் போட்டேன். கண்ணாடியாட்டம் மின்னுச்சு. ஆனா வெந்நியும் சோப்பும் அரக்குக்கு ஆகாது. மோர் ஊத்துனாப்புல வெளுத்துரும். அது என் தப்பு. பொறவு வார்னிஷ். அது மரத்துக்குச் சட்டை போட்டாப்புல. ஒரு இடத்துல கிழிஞ்சா போதும், உள்ள போன தண்ணி வெளிய வராது. அதுக்காகத்தான் இந்தத் தடவ ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் சட்டை இல்ல, தோலு. மரத்துக்குள்ளயே இறங்கி உறைஞ்சிரும். அதுவுமா தோத்துப்போச்சு? எம்புட்டு நேரம் தண்ணியில கெடந்துச்சு?”

“ராத்திரி பூரா, மேஸ்திரி.”

“ராத்திரி பூராவா? எவன்யா விடிய விடிய சவரம் பண்ணுவான்?”

“வெந்நிச் சொம்புல போட்டேன்... அப்படியே விட்டுட்டேன்.”

முத்துப்பேச்சிக்கு இருமல் வந்தது.

“போட்டா என்ன? நல்ல பாலிஷுன்னா அதையும் தாங்கணும். அடுத்த தடவையும் வெளுத்தா இந்த சோலைச்சாமி பாலிஷ் டப்பாவத் தொட மாட்டான்!”

பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், சட்டென்று துள்ளி எழுந்தார்.

“உங்க தோள்ல கெடக்குற கறுப்புத் துண்டைக் குடுங்க தம்பி!” வாங்கி விரித்து, பிடியை அதன்மேல் வைத்தார். கறுப்புத் துணியில் வெளுப்பு பளிச்சென்று தெரிந்தது. “ஏட்டி, ஓடியா! பாரு. வெளுப்பு நடுவுல இல்ல. பிடியோட வாயிலதான் ஆரம்பிக்குது!”

“அதனால என்னப்பா?”

“மரம்னா என்ன? குழாய்க் கட்டு! பக்கவாட்டுல ஊத்துனா தண்ணி லேசுல ஏறாது. நுனியில அம்புட்டுக் குழாயும் வாயத் தொறந்து வச்சிருக்கு. வெளிய எல்லாம் எண்ணெய் பூசுனேன். ரேஸர் தலையத் திருகுற ஓட்டைக்குள்ள ஒரு சொட்டு விட்டனா? திருடன் அந்த வழியா வாரான்!”

அன்றே வேலை தொடங்கியது. பிடியைக் காயவைத்து, வெளுத்ததைத் தேய்த்து எடுத்து, ஓட்டை நிறைய எண்ணெய் விட்டு, மரம் குடித்தது போக மீதியைக் கவிழ்த்தார்கள். மேலே மெல்லிய பூச்சு. ஒட்டாமல் துடைப்பு. காற்றில் காயவைப்பு. திரும்பவும் பூச்சு. கடைசியில் தேன்மெழுகை வைத்துச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும்.

“என்னட்டி, கை ஓட மாட்டேங்குது?” என்று மகளை அதட்டிவிட்டு, மெழுகையும் அவரே தேய்த்தார்.

காளிராஜ் வந்து பிடியை வாங்கிப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி வந்து நின்றான். தன் தங்கை பிரசவத்துக்காகப் போய் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பிளவக்கல்லில் தங்கியிருந்த சோலைச்சாமியின் மனைவி வெள்ளத்தாயும் அன்றுதான் திரும்பி வந்து, உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க தம்பி! என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல, மேஸ்திரி.” துக்கச் செய்தி சொல்வது போலிருந்தது குரல்.

“ராத்திரி பூராப் போட்டீங்களா?”

“ரெண்டு ராத்திரி.”

சோலைச்சாமி பிடியைப் பிடுங்கி, மூக்கிலிருந்த கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். புதுக் கருப்பட்டி நிறம். வாயோரத்தில் ஒரு பொட்டு வெளுப்பு இல்லை.

“ஜெயிச்சாச்சு! ஏட்டி, ஜெயிச்சாச்சு!” அவர் குதித்த குதியில் மரச்சுருள்கள் பறந்தன. முத்துப்பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேஸ்திரி... இதே மாதிரி இன்னொரு பிடி செய்வீங்களா?” என்று இழுத்தான் காளிராஜ்.

“இன்னொண்ணு எதுக்கு? இது உங்க பேரன் காலத்துக்கும் வரும்!”

காப்பியோடு வந்த வெள்ளத்தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “இவிய யாரு?”

“இவருதான் நம்ம வாடிக்கை. ஒரு மாசமா இந்தப் பிடிய வச்சுத்தான் சவரம் பண்ணுதாரு!”

“ஒரு மாசமா? சவரமா?” அவள் சிரித்த சிரிப்பில் காப்பி தளும்பியது. “அந்தக் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு ஆளப் பாருங்க.”

சோலைச்சாமி கழற்றினார். முதன்முறையாகப் பிடியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். தோளில் கறுப்புத் துண்டு, இடுப்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை; சபரிமலைக்கு மாலை போட்ட நாளிலிருந்து கத்தியே படாத தாடி, கன்னமெல்லாம் மண்டிக் கிடந்தது.

“அப்ப... இந்தப் பிடி?”

“அவிய சவரம் பண்ணுனேன்னு ஒரு தடவகூடச் சொல்லலப்பா,” என்றாள் முத்துப்பேச்சி. “வெந்நியில போடச் சொன்னது நான்தான்.”