வாசலில் ஒரு பென் டிரைவ்

ஒரு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்பது வருஷமாகச் சேர்ந்து குடியிருந்தன. கரண்ட் வந்ததும், கம்ப்யூட்டரை எழுப்புவதற்கு, "விண்டோஸ் யாரிடம் இருக்கிறது?" என்று மதர்போர்டு விசாரிக்கும். வெளியிலிருந்து வந்து செருகிக்கொண்டவர்களைத்தான் முதலில் கேட்கும். வந்தவரை நிற்கவைத்துவிட்டு வீட்டு ஆளைக் கேட்பது அதற்கு மரியாதையாகப் படவில்லை.

அன்று வாசலில் ஒரு பென் டிரைவ், முந்தின நாள் யாரோ மறந்துவிட்டுப் போனது. அதற்குள் இருந்ததெல்லாம் ஒரு வளைகாப்பின் போட்டோக்கள்தான்.

"விண்டோஸ் இருக்குங்களா?"

"இருங்க, பார்க்கிறேன்," என்றது பென் டிரைவ்.

திரை கறுப்பாகவே நின்றது. கடை நடத்தும் செங்கமலம் மூன்று தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாள். மூன்று தடவையும் அதே கேள்வி, அதே பதில். ஹார்ட் டிஸ்க்குக்குப் படபடப்பு. ஆனாலும் விருந்தாளி பேசும்போது எப்படிக் குறுக்கே பேசுவது?

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, மாத்திட வேண்டியதுதான்," என்று செங்கமலம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பெட்டியைத் திருப்ப இடைஞ்சலாக இருந்த பென் டிரைவைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். மனசு கேட்காமல் கடைசியாக ஒரு தடவை ஆன் செய்தாள்.

"என்கிட்ட இருக்கு," என்றது ஹார்ட் டிஸ்க், அவசர அவசரமாக. திரையில் வெளிச்சம் வந்தது.

மதர்போர்டு மேசைப் பக்கம் குரல் கொடுத்தது. "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?"

"எப்படிங்க சொல்றது?" என்றது பென் டிரைவ். "இவ்வளவு பெரிய விஷயத்தை என்னை நம்பிக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."