வாசல் வரைக்கும்

"ரூல்னா ரூலு சார். வூட்டு வாசல்ல கொண்டாந்து வுட்டாத்தான் ரசீதுல கையெழுத்து" என்றான் மாசிலாமணி.

திண்டிவனம் ஸ்டேஷனில் அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கப்பலில் இன்ஜின் ரூம் ஆள். நான் மெட்ராஸில் கப்பல் ஏஜென்சி குமாஸ்தா. படியில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டவனை ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அப்படி நின்றுபோனவனைக் கம்பெனி தன் செலவில் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கணுமாம். ஜெனிவாவில் பல தேசத்துக்காரர்கள் கூடிப் பேசி எழுதிய விதி. அவர்களுக்கென்ன, எழுதிவிட்டார்கள். பெட்டி தூக்குகிறவன் நானல்லவா!

"வூட்டு வாசல் வரைக்கும்னு ஜெனிவாவுல போட்டுக்கீது" என்று இவன் ஆபீசில் வந்து நின்றதும், மேனேஜர் மிரண்டுபோய் என்னைத் துணைக்கு அனுப்பிவிட்டார். விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க எங்களில் யாருக்கும் நேரமில்லை. 1961-இல் எங்கள் ஆபீஸ் அப்படி.

ரயிலில் செங்கல்பட்டில் இரண்டு வடை, மதுராந்தகத்தில் காப்பி. கேட்டால், "வழிச் சாப்பாடும் ரூல்ல கீது சார்."

மரக்காணம் பஸ்ஸில் ஜன்னலோரமும் அவனுக்குத்தான்.

"ஒடிஞ்ச கை சார். இடிபடக் கூடாது."

"அதுவும் ஜெனிவாவா?"

"பின்னே?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, ரூல் ரூல்னு என் பிராணனை வாங்கறே?"

"நீங்க மட்டும் அரசப்பன் சங்கதியில ரூல் பேசலியா?"

அரசப்பன் இவனோடு வேலை பார்த்தவன். போன வருஷம் கடலில் விழுந்து செத்துப்போனான். நஷ்டஈடு விஷயமாக அவன் பெண்டாட்டிக்கு மூன்று ரிஜிஸ்தர் தபால் போட்டேன். மூன்றும் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பிவிட்டன. மூன்றுக்கு மேல் போட ஆபீசில் வழக்கமில்லை. ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டேன். கப்பல் ஏறுமுன் இவன் வந்து ஏதோ சொன்னபோதும், ஆபீஸ் ஆள் நேரில் பார்த்தால்தான் ஃபைல் திறக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்காக ஊர் ஊராகப் போய் நான் தேட முடியுமா?

மாசிலாமணி ஜன்னல் வழியே கடலைக்காரனைக் கூப்பிட்டான். என் செலவில் மல்லாட்டை வாங்கித் தின்றுகொண்டே வந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு மைல் மணல். பெட்டி கழுத்தை அமுக்கியது.

"ஜல்தியா வாங்க சார்" என்று ஒற்றைக் கையை வீசிக்கொண்டு அவன் முன்னே போனான். போகட்டும், இன்னும் கொஞ்ச தூரம், இந்தச் சனியன் விட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

கடைசியில் ஓர் ஓலைக் குடிசை. வாசலில் ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதான் சார் வாசல்."

அப்பாடா! பெட்டியைத் தொப்பென்று போட்டேன். ரசீதை எடுத்துக்கொண்டே அவளிடம் சொன்னேன்:

"இந்தாம்மா, உன் வீட்டுக்காரன். உசிரோட கொண்டுவந்து சேர்த்தாச்சு. இனிமே உன் பாடு."

அவள் என்னையே பார்த்தாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"எம் புருசன் கடல்ல வுழுந்து செத்து வருசமாவுதுங்களே..."

நான் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அழாத பவுனு" என்றான் மாசிலாமணி. "இவரு அரசப்பனோட கப்பலாபீஸ் சாரு. உனக்கு மூணு தபால் போட்டவரு. கடல் உள்ள வந்து குப்பம் இடம் மாறிப்போச்சில்ல, அதான் உங்கைக்கு வரல."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இந்தம்மா இங்கதான் கீதுன்னு ஆபீசுல வந்து சொன்னேன். ஆபீஸ் ஆளு நேர்ல பாத்தாத்தான் ஃபைலு தொறக்கும்னீங்க. நல்லா பாத்துக்குங்க சார். எழுதிக்குங்க."

பேனாவை எடுத்தேன். ரசீதின் பின்பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். மண்ணுக்குள் புதைந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"அப்போ உன் வீடு எங்கேய்யா?"

"விழுப்புரம் பக்கம், கோலியனூரு."

ஒடியாத கையால் பெட்டியை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"இருய்யா, அங்கேயும் நான்தானே கொண்டுவந்து விடணும்? ஜெனிவா ரூல் இருக்கே?"

"அது மெட்ராஸ் ஹார்பரோட முடிஞ்சுபோச்சு சார். வாசல் வரைக்கும்னு போட்டது நான்தான்."