படுத்துக்கொண்ட துடைப்பம்

நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திருக்கிறேன் என்று கோமளா காப்பகத்திலிருந்து கூட்டிவந்த நாய் பூந்தி. கதவு மூலையில் நிற்கும் துடைப்பத்தைக் கண்டாலே அது கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு உறுமும். கை நீட்டினால் கடிக்கும்.

"இனிமே என்னால முடியாது, திருப்பி விட்டுடுறேன்" என்று கோமளா போனில் அழுதது துடைப்பத்தின் காதிலும் விழுந்தது. அதற்கு மனசே ஆறவில்லை.

"நான் உன்னை என்னடா செஞ்சேன்?" என்று கேட்டது.

"நீ செய்யல. உன்னை மாதிரி ஒண்ணு" என்றது பூந்தி.

மத்தியானம் கோமளா கண்ணயர்ந்ததும், துடைப்பம் சுவரோடு மெல்லச் சரிந்து தரையில் படுத்துக்கொண்டது. பெருக்க வேண்டிய தூசியெல்லாம் ஜன்னல் வெயிலில் பொன்னாக மிதந்தது. அது ஒரு ஈர்க்குச்சியைக்கூட அசைக்கவில்லை.

வெயில் நகர்ந்து நகர்ந்து கட்டில் காலைத் தொட்டபோது, அடியிலிருந்து ஒரு மூக்கு எட்டிப்பார்த்தது. பூந்தி ஊர்ந்து வந்து துடைப்பத்தை மோந்தது. ஒடிந்துபோன நுனிகளிடம் வந்ததும் நின்றுவிட்டது. அவற்றை ஒவ்வொன்றாக நக்கியது.

"உன்னையும் அடிச்சாங்களா?" என்று கேட்டது.

பூந்தி துடைப்பத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்கிப்போனது.

விளக்கு வைக்கும் நேரம் வந்தும் எழுந்து வந்து அதைப் பார்த்த கோமளா அன்றைக்கு வீடு பெருக்கவில்லை.