பாலுக்கு ஒரு பந்தயம்

"போ, போய்த் தேடு. கிடைச்சதும் என்ன செய்யணும்னு தெரியுமில்ல?" என்றார் மந்திரி, உதடு அசையாமல்.

பைக்காரருக்குத் தெரியாமலா? மந்திரியின் கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிற பிழைப்பு அவருக்கு. பந்து புதருக்குள் போனால், தேடுகிற சாக்கில் உள்ளே நுழைந்து, காலால் ஒரு தள்ளு தள்ளிப் புல்வெளிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். "அடடே, ஓரத்துலயே நின்னுடுச்சுங்க ஐயா!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மந்திரி வாங்கின கோப்பைகளில் பாதியை இவருடைய கால் கட்டைவிரல்தான் வாங்கிக் கொடுத்தது.

யோக்கியமான வேலையா என்று கேட்டால், இல்லை. ஆனால் அதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இன்றைக்கு மட்டும் கால் வரவில்லை.

காரணம், பால்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் காலையில் ஒரு டம்ளர் பால் கொடுக்கிறது. அதை நிறுத்தப் போவதாக மந்திரி அறிவித்திருந்தார். "சும்மா கொடுத்துக் கொடுத்துத்தான் ஜனங்க சோம்பேறியாப் போனாங்க. அவனவன் சொந்தக் கால்ல நிக்கட்டும்."

எதிர்க்கட்சித் தலைவர் விடுவாரா? இருக்கிறவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடு என்று தொண்டை கிழியப் பேசுகிறவர். மேடையில்தான் இரண்டு பேரும் கீரியும் பாம்பும். கோல்ஃப் மைதானத்துக்கு வந்துவிட்டால் மாமன் மச்சான் மாதிரி. பத்திரிகைக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சவால் விட்டார்.

"வாய்யா, ஒரு ஆட்டம் போடுவோம். நீ ஜெயிச்சா உன் இஷ்டம். நான் ஜெயிச்சா நீ பால்ல கை வைக்கக் கூடாது. பசிக்கிற பிள்ளைகளுக்காக ஆடுறேன்!"

மறுத்தால் பயந்துவிட்டார் என்று எழுதுவார்கள். மந்திரி ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"நான் சுமாரா ஆடுறவன். கம்மி அடியில குழியில போடுறவன்தானே ஜெயிக்கிறான்? வழக்கம்போல குழிக்கு ஒரு அடி என் கணக்குல கழிச்சு விட்டுக்கொடுக்கணும்."

"ஊருக்கு இலவசம் கூடாது, உனக்கு மட்டும் வேணுமா?"

"இது இலவசம் இல்லைய்யா, நியாயம். பலம் இல்லாதவனுக்கும் ஒரு வாய்ப்பு வேணுமில்ல?"

பைக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கிற இடமா அது? பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

இப்போது கடைசிக் குழி. இதுவரை இரண்டு பேரும் சமம். தலைவரின் பந்து குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. மந்திரியின் பந்து புதருக்குள். அது மட்டும் புல்லுக்கு வந்துவிட்டால், அந்த இலவச அடியின் புண்ணியத்தில் மந்திரி ஜெயித்துவிடுவார். உள்ளேயே கிடந்தால் தோல்விதான்.

பைக்காரர் கிளைகளை விலக்கினார். வேர்களுக்கு நடுவில் வெள்ளையாகக் கிடந்தது பந்து. ஒரு தள்ளு போதும்.

வீட்டில் மூத்த பெண் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாலைக் குடித்துவிட்டு, மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தம்பிக்கு எடுத்து வருகிறவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெயிலில் அது வாடை மாறிப் போயிருக்கும். அந்தப் பொடியன் அதையும் சப்புக்கொட்டிக் குடிப்பான்.

தள்ளினால் பால் போகும். தள்ளாவிட்டால் வேலை போகும்.

பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பினார். தலைவர்!

ஒரு நிமிஷம் உயிர் போய்த் திரும்பி வந்தது. வந்ததும், நல்லவேளை, நம் பிள்ளைகள் பக்கம் நிற்கிற மனுஷன் என்று கொஞ்சம் தெம்பும் வந்தது.

"ஐயா, சத்தியமா நான் பந்தைத் தொடலைங்க."

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் தூரத்தில் கொடியருகே நின்றிருந்தார்கள்.

"அதைத்தான் கேக்கிறேன். ஏன் தொடலை? தள்ளிவிடுப்பா."

"ஐயா?"

"எப்பவும் தள்ளுறவன்தானே நீ, எனக்குத் தெரியாதா? என் பந்து குழி வாசல்ல நிக்குது. அதை நான் தவறவிட்டா பச்சைப் பிள்ளைகூட நம்பாது. நீ தள்ளினாத்தான் உண்டு."

"தள்ளினா அவர் ஜெயிச்சுடுவாரே. பால் போயிடுமேங்க!"

"போகட்டும். போனாத்தான் ஜனங்களுக்குக் கோபம் வரும். கோபம் வந்தாத்தான் எங்களுக்கு ஓட்டு வரும். அடுத்த வருஷம் நாங்க வந்து, ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளராக் கொடுக்கிறோம், போதுமா?"

"அதுவரைக்கும் என் பிள்ளைங்க என்னத்தைக் குடிக்கும்?"

தலைவர் பாசமாகத் தோளில் தட்டினார். "கொஞ்சம் பொறுத்துக்கணும்ப்பா. எல்லாம் உங்களுக்காகத்தானே!"

பிறகு, "இந்தப் பக்கம் காணோமே!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு, கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடி வெளியே போய்விட்டார்.

ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே விஷயத்தைச் சொல்லிப் பைக்காரர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"என்னப்பா, கிடைச்சுதா?" மந்திரி புல்வெளியிலிருந்து கத்தினார்.

பைக்காரர் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றார். பத்திரிகைக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து சொன்னார்:

"கிடைச்சுதுங்க ஐயா. புதருக்குள்ளதான் கிடக்கு. விழுந்த இடத்துலயே!"