பார்வோனின் கடைசி மிடறு

பார்வோன் மன்னர் கிண்ணத்தைக் கீழே போட்டார். நெஞ்சைப் பிடித்தார். சிம்மாசனத்திலிருந்து சரிந்து விழுந்து செத்தார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

திரை விழுந்தது. கும்பிட்டு விடைபெறுவதற்காக மறுபடி உயர்ந்தபோது நடிகர்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பார்வோன் மட்டும் எழும்பவில்லை.

"நடிப்பெண்டால் இதெல்லோ நடிப்பு!" என்று முன்வரிசையில் ஒருவர் விசில் வேறு அடித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, பார்வோனாக நடித்த இரவிச்சந்திரனின் உயிர் போய்விட்டது. அஹுன்ட்சிக் பக்கம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், மொன்றியல் தமிழர் அத்தனை பேரின் கண்ணெதிரே, எகிப்து அரண்மனைக் கொலை நிசக் கொலையாகிவிட்டது.

சந்தேகப்பட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மகாராணியாக நடித்துக் கிண்ணத்தை நீட்டியவள் ஜெயனி. இரவிச்சந்திரனை விவாகரத்துச் செய்தவளும் அவளேதான். மகள் யாரோடு இருப்பது என்று இருவருக்கும் கோர்ட்டில் இழுபறி. நாடகம் வேறு, வீட்டுச் சண்டை வேறு என்று இருவரும் வீம்புக்குச் சேர்ந்து நடித்தார்கள். அந்த வீம்பு இப்போது ஜெயனியின் கழுத்துக்கு வந்து நின்றது.

விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரிகள் இருவர். கஜந்தினி யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். மற்றவர் லூக், பரம்பரைக் கியூபெக்காரர். பொலிஸ் நிலையத்தில் லூக் நாடக வீடியோவை ஓட்டிக் காட்டினார்.

"நன்றாகப் பார்," என்றார் பிரெஞ்சில். "நஞ்சில்லை என்று காட்ட ராணி முதலில் தான் குடிக்கவேண்டும். குடிக்கிறாள். ஆனால் கிண்ணம் உதட்டில் படவே இல்லை. தலையை நிமிர்த்தி வாய்க்குள் ஊற்றுகிறாள். மன்னர் வாய் வைத்துக் குடிக்கிறார், சாகிறார்."

பரிசோதனை முடிவு காலையில்தான் வந்திருந்தது. மூலையிலிருந்த டெப்பனர் கடையில் வாங்கிய திராட்சைச் சாற்றில் ஒன்றுமில்லை. நஞ்சு கிண்ணத்தின் விளிம்பில் மட்டுமே பூசப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் வெளியே மூச்சு விடவில்லை.

"விளிம்பில் நஞ்சு இருப்பது அவளுக்குத் தெரியும்," என்றார் லூக். "இல்லாவிட்டால் யார் இப்படிக் குடிப்பார்கள்?"

கஜந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "என் அம்மா குடிப்பார். சித்திமார் எல்லாரும் குடிப்பார்கள். ஒரே பாத்திரம் கைமாறும்போது நாங்கள் அதை எச்சில்படுத்துவதில்லை."

"நீதிபதிக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பார். நாளைக் காலை அவளைக் கைது செய்கிறோம்."

பக்கத்து அறையில் ஜெயனி அழக்கூடப் பயந்துபோய் இருந்தாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லை, தங்கச்சி. ஒத்திகையிலையும் இப்பிடித்தான் குடிச்சனான். பிள்ளைக்கு அப்பாவும் இல்லை. என்னையும் பிடிச்சுக்கொண்டு போனால் அவளுக்கு ஆர் இருக்கினம்?"

கஜந்தினி, யாரோ கைபேசியில் எடுத்த ஒத்திகை வீடியோக்களை வாங்கிப் பார்த்தாள். ராணி அண்ணாந்து குடித்தாள். மன்னரும் அண்ணாந்துதான் குடித்தார், தலையிலிருந்த அட்டைக் கிரீடம் பின்னால் விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அந்த இடத்தை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

பின்னேரம் தியாகராசாவைப் பார்க்க மண்டபத்துக்குப் போனாள். நாடகத்தை எழுதி இயக்கியவர் அவர். மேடைச் சாமான்களை வேறு யாரையும் தொடவிட மாட்டார். வருசா வருசம் ராச வேஷமும் அவருக்குத்தான். இந்த முறை தமிழ்ச் சங்கத்தார், வயது போய்விட்டது என்று முடியை இரவிச்சந்திரனின் தலையில் வைத்துவிட்டார்கள். அந்த அட்டை முடியைத்தான் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம் பிள்ளை, நல்ல பெடியன்," என்றார். "அவளுக்கு ராணி வேஷம் குடுத்ததுதான் நான் விட்ட பிழை. அவளின்ரை முகத்தைப் பாத்தனியே? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை."

"ஓம் அங்கிள். நாளைக்கு அவவை அரெஸ்ட் பண்ணப் போகினம்."

தியாகராசா பெருமூச்சு விட்டார். "என்ன செய்யிறது? செய்தவள் அனுபவிக்கத்தானே வேணும்."

கஜந்தினி கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"எண்டாலும் அங்கிள், ரவி அண்ணை நடிப்பிலை சூரன்தான். வீடியோ பாத்தனான். எங்கடை ஆக்கள் மாதிரி அண்ணாந்து ஊத்தாமல், அசல் எகிப்து ராசா மாதிரி வாய் வைச்சு மெள்ளமாய் உறிஞ்சினார். என்ன தோரணை! ஒத்திகையிலை அது இல்லை. கடைசி நேரத்திலை தானாய் யோசிச்சுச் செய்திருக்கிறார், என்ன?"

முடியைத் துடைத்த கை நின்றது. கிழவருக்கு மூக்கு நுனியில் கோபம் ஏறிவிட்டது.

"தானாயோ? அவனுக்கு என்ன தெரியும்? திரை திறக்க முதல் தனியக் கூப்பிட்டு, இண்டைக்கு வாய் வைச்சுக் குடி எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்!"